கேட்டவர்கள் சொல்லிவிடவும்

எர்மினியா சிகுவாய்க்கு ஐம்பத்து மூன்று வயது நடக்கும்போது இடது மார்பில் கட்டி வந்தது. அதற்கு முன்னால் அவளைப் பற்றி ஊர் கூடிப் பேசும்படி ஒரே ஒரு விஷயம்தான் நடந்திருந்தது: அவள் புருஷன் தெற்கே பதகோனியாவுக்கு ஆட்டு ரோமம் வெட்டப் போனவன் திரும்பி வரவில்லை. லிங்குவே தீவில் அதுவும் அதிசயம் இல்லை. வீட்டுக்கு ஒருவன் அப்படிப் போகத்தான் செய்வான். பாதிப் பேர் ஏப்ரலில் கைநிறையச் சாமானோடு வருவார்கள், மீதிப் பேர் அங்கேயே ஒரு வீடு, ஒரு பெண்டாட்டி என்று ஆகிவிடுவார்கள். இவள் புருஷன் போகும்போது தகரப் பெட்டியையும் வீட்டில் இருந்த ஒரே நல்ல கம்பளியையும் எடுத்துக்கொண்டு போனான். அவனுக்கு அங்கே வேறு குடும்பம் ஆகிவிட்டது என்று சேதி வந்தபோது அவள் அழுதது கம்பளிக்காகத்தான். ஒரு குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவளே நெய்தது அது.

பிறகு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அண்ணன் பெலார்மினோ அவளைவிட ஏழு வயது மூத்தவர். மனைவி மெலானியா செத்துப் பல வருடம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. பேசினால் நாக்கு தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். காலையில் "ம்" என்றால் எழுந்துவிட்டார் என்று அர்த்தம், சாயங்காலம் "ம்" என்றால் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எர்மினியா கடல் வற்றும் நேரத்தில் கரையில் பாசி அள்ளி உலர்த்தினாள், உருளைக்கிழங்கு தோண்டினாள், கோழி வளர்த்தாள். பத்தொன்பது வருடம் இப்படியே போயிற்று.

அந்த வீட்டில் பேச்சு என்றால் அது ரேடியோவின் பேச்சுதான். தீவில் டெலிபோன் கிடையாது. யாருக்கு என்ன சேதி என்றாலும் சீட்டு எழுதிப் படகில் அனுப்பினால் காஸ்ட்ரோ நகரத்து வானொலி பகல் பன்னிரண்டரைக்கு அதை வாசிக்கும். இன்னார் இன்னாருக்கு, பசு கன்று போட்டது. இன்னார் இன்னாருக்கு, வியாழக்கிழமை படகுத்துறைக்குக் குதிரை கொண்டுவரவும். ஒவ்வொரு சேதி முடிந்ததும் அறிவிப்பாளர் அதே குரலில், "கேட்டவர்கள் சொல்லிவிடவும்" என்பார். உரியவன் வயலில் இருந்தால் பக்கத்து வீட்டுக்காரன் ஓடிப்போய்ச் சொல்லுவான். ஆக, எல்லோர் வீட்டுச் சேதியும் எல்லோருக்கும் தெரியும். சுற்றுத் தீவுகளில் எவனுக்காவது ரகசியம் வேண்டுமென்றால் சீட்டு எழுதாமல் இருக்க வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை அடுப்புப் பக்கத்தில் தொட்டி வைத்துக் குளிக்கும்போது கட்டி கையில் பட்டது. அவரைக்கொட்டை அளவு இருந்தது. வலி இல்லை. எர்மினியா பத்து நாள் பார்த்தாள். பதினோராவது நாள் படகேறினாள். மெலானியா இதையேதான் இரண்டு வருடம் யாரிடமும் காட்டாமல் துணியைச் சுற்றிச் சுற்றி மறைத்து, கடைசியில் நாற்றம் வந்த பிறகு காட்டினாள். அப்போது தினமும் வந்து அவளைக் குளிப்பாட்டியது எர்மினியாதான். அதனால் அவள் காத்திருக்கவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்து, வால்டிவியாவுக்குப் போ என்றார்கள். படகு, பஸ், கப்பல், மறுபடி பஸ். அங்கே இருந்த டாக்டர் அராவேனா என்ற அம்மாள் நாற்பது வயசுக்காரி, அவசரமில்லாமல் பேசுகிறவள். ஒரு காகிதத்தில் இரண்டு மார்பு வரைந்தாள். வரைந்தது அப்படியொன்றும் நன்றாக இல்லை.

"பாருங்கம்மா, ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கட்டியையும் சுத்திக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுக்கறது. மார்பு இருக்கும், கொஞ்சம் சின்னதாயிடும். ஆனா புண்ணு ஆறினப்புறம் மெஷின்ல கதிர் வைக்கணும். வாரத்துல அஞ்சு நாள், ஆறு வாரம். இங்கயே தங்கணும். இன்னொண்ணு, மார்பை முழுசா எடுத்துடறது. புண்ணு ஆறினா வீட்டுக்குப் போயிடலாம். உங்க கட்டி சின்னது, அதனால கதிர் அநேகமா வேண்டியிருக்காது. அக்குள்ல இருக்கிற முடிச்சுங்களை மட்டும் ரெண்டு விதத்துலயும் எடுத்துப் பாக்கணும்."

"எதுல நான் சாகமாட்டேன்?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. ரெண்டு விதமாவும் செஞ்சுக்கிட்ட பொம்பளைங்களைப் பல வருஷம் விடாமப் பாத்திருக்காங்க. ஆயுசுல வித்தியாசம் இல்ல. மார்பை வச்சுக்கிட்டா அதே இடத்துல திரும்ப வர்றதுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூட. வந்தா அப்ப முழுசா எடுக்கலாம். வெட்டின ஓரத்துல நோய் இருந்தா இன்னொரு தடவ கத்தி வைக்க வேண்டி வரலாம். அதுக்காக முழுசா எடுத்துட்டா திரும்பவே வராதுன்னு நான் எழுதிக் குடுக்க முடியாது."

எர்மினியா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டாக்டரம்மா, எங்க பக்கம் உருளைக்கிழங்குல கருப்பு விழுந்தா முழுக் கெழங்கையும் தூக்கி எறிஞ்சிடுவோம்."

"சமைக்கறப்பக் கூடவா?"

கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "சமைக்கறப்ப இல்ல. அந்த இடத்தை மட்டும் செதுக்கிட்டு மிச்சத்தைப் போட்டுடுவோம். குளிர்காலத்துக்குச் சேத்து வைக்கறதுன்னாத்தான் எறியறது. கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருந்து பரவிடும்."

"சரியாச் சொன்னீங்க. நாம சேத்துத்தானே வைக்கப்போறோம்? கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருந்தா அதுக்குத்தான் கதிர். அதில்லாம வெறும் செதுக்கல் மட்டும் பண்ணமாட்டேன்."

"நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அது என்னோடது இல்லியே. உங்களோடது. ஊருக்குப் போங்க, ஒரு வாரம் யோசிங்க, வந்து சொல்லுங்க. ஒரு வாரத்துல ஒண்ணும் ஓடிப்போயிடாது."

ஊருக்குப் போனாள். யோசிப்பதற்கு ஒரு வாரம் தேவைப்படவில்லை, படகிலேயே முடிவாகிவிட்டது. அதை அண்ணனிடம் சொல்லத்தான் மூன்று நாள் ஆயிற்று.

பெலார்மினோ அடுப்பருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தார். எர்மினியா நின்றபடியே சொன்னாள். "கட்டியை மட்டும் எடுத்துக்கலாம்னு இருக்கேண்ணே. டாக்டரம்மா என்ன சொல்றாங்கன்னா—"

"முழுசா எடுத்துடு."

"கேளுண்ணே. ரெண்டும் ஒண்ணுதானாம். ஆயுசுல—"

"மெலானியாவும் வச்சுக்கிட்டுத்தான் இருந்தா."

"அண்ணி மறைச்சு வச்சாங்க. நான் உடனே காட்டிட்டேன். இது வேற, அது வேற. இதுக்கப்புறம் அங்க தங்கி—"

பெலார்மினோ துருவியை வைத்துவிட்டு எழுந்தார். அவர் அன்றைக்குப் பேசியது அந்த மாதம் முழுக்கப் பேசியதைவிட அதிகம் இருக்கும். "யாருக்காக அதை வச்சுக்கப்போற? சொல்லு. எவன் வந்து பாக்கப்போறான்? உன் புருஷன் கப்பலேறி வந்துக்கிட்டு இருக்கானா?"

சொல்லிவிட்டு வெளியே போய் விறகு பிளந்தார். அடுப்படியில் ஏற்கெனவே ஒரு மாதத்துக்கு விறகு இருந்தது. கதிர், ஆறு வாரம், தங்குவது, எதையும் அவர் கேட்கவில்லை. அவளும் மறுபடி சொல்லவில்லை.

அந்தக் கேள்விக்கு எர்மினியாவிடம் பதில் இல்லாமல் இல்லை. வாயில் வைத்துச் சொல்லும்படியான பதில் இல்லை, அவ்வளவுதான். வீடு அண்ணன் வீடு. நிலம் அண்ணன் பெயரில். கோழி என்று பார்த்தால் பக்கத்து வீட்டு ஓர்ஃபெலினா கொடுத்த குஞ்சுகளில் வந்தவை. கம்பளி போய்விட்டது. பிள்ளை பிறக்கவில்லை. இவள் கூடவே வந்தது, இவளுக்கே இவளுக்கு என்று இருந்தது, இந்த உடம்பு ஒன்றுதான். சனிக்கிழமை தொட்டியில் உட்கார்ந்து வெந்நீர் ஊற்றிக்கொள்ளும்போது அதை யாரும் பார்க்கவில்லை என்றால், அவள் பார்த்தாள். அதை ஆம்பிளையிடம், அதுவும் அண்ணனிடம், எப்படிச் சொல்லுவது?

வீட்டில் மூன்று நாள் பேச்சே இல்லை. "ம்" கூட இல்லை. நான்காம் நாள் ஓர்ஃபெலினாதான் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படகுத்துறை வரை வந்தாள். ஓர்ஃபெலினா எர்மினியாவைவிட இரண்டு வயது சின்னவள், நிறுத்தாமல் பேசுவாள்.

"போயிட்டு வா அக்கா. அந்த மனுசனை விடு, பயந்து கெடக்குறான். ஆம்பிளைங்க பயந்தா கத்துவானுங்க, வேற என்ன தெரியும் அவனுங்களுக்கு?"

"அண்ணன் வந்து நின்னிருக்கலாம்ல, ஓர்ஃபெலினா."

"நின்னிருக்கலாம்," என்றாள் ஓர்ஃபெலினா. மூட்டையைப் படகுக்காரனிடம் நீட்டினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஓரம் சுத்தம், அக்குள் முடிச்சுகளிலும் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா வந்து சொன்னாள். புண் ஆறும்வரைக்கும் அதற்குப் பிறகும், தூரத்து ஊர் நோயாளிகளுக்கென்று மாதா கோவில் நடத்திய விடுதியில் இடம் கிடைத்தது. முதல் வாரம் அறையில் கூட இருந்தவள் நெல்டா. ஒசோர்னோ பக்கம் மாட்டுப் பண்ணைக்காரி, மார்பை முழுக்க எடுத்துக்கொண்டவள். வெட்கம் என்பதே கிடையாது. இரண்டாம் நாளே சட்டையைத் திறந்து காட்டினாள். தட்டையாக, குறுக்கே ஒரு தையல் கோடு.

"பாத்துக்க. பயப்படறதுக்கு ஒண்ணுமில்ல."

"வருத்தமா இல்லியா?"

"இருந்துச்சு. செவ்வாக்கெழமை அழுதேன். பதினாலு மாடு இருக்கு எனக்கு, காலையிலயும் சாயங்காலமும் கறக்கணும். ஆறு வாரம் இங்க வந்து ஒக்காந்தா எம்புருசன் மாட்டைக் கறப்பானா, மாடு அவனைக் கறக்குமா? அதான் எடுத்துடுன்னுட்டேன். உனக்கு வச்சுக்கணும்னு தோணிச்சு, வச்சுக்கிட்ட. ரெண்டு பேருக்கும் ஆயுசு ஒண்ணுதானாம்ல? அப்புறம் என்ன, எவ முந்திச் சாகறான்னு பாத்துடுவோம்."

எர்மினியா வயிறு குலுங்கச் சிரித்தாள், தையல் சுளீரென்றது. ஆஸ்பத்திரி வாசலில் கால் வைத்த பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். ஐந்தாம் நாள் நெல்டாவை அவள் புருஷன் லாரியில் வந்து கூட்டிக்கொண்டு போனான். அவளுக்கென்று ஒரு தலையணை கொண்டுவந்திருந்தான். எர்மினியா ஜன்னலில் நின்று கடைசி வரை பார்த்தாள்.

செப்டம்பர் கடைசியில் கதிர் தொடங்கியது. மார்பிலும் பக்கத்திலும் ஊதா மையில் கோடு போட்டார்கள். கோடு அழியக்கூடாது, சோப்புப் போடக்கூடாது. தினமும் காலை பத்து மணிக்கு மேசையில் படுத்து இடது கையைத் தலைக்கு மேலே வைக்க வேண்டும். மெஷின் பார்க்கும் பெண் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு வெளியே போய்விடுவாள். கனமான கதவு மூடும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம், மெஷின் மட்டும் ரீங்காரம் போடும். சுவரிலிருந்த ஒலிபெருக்கியிலிருந்து குரல் வரும்: "அசையாதீங்க, எர்மினியாம்மா." சில நாட்களில் அவள் பெயரைச் சொல்லி யாராவது பேசியது அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தக் கதிருக்கு மருத்துவத்தில் நீளமாக ஒரு பெயர் உண்டு, 'ரேடியோ' என்று தொடங்கும். நோயாளிகளுக்கு அவ்வளவு நீளம் எதற்கு? விடுதியில் எல்லோரும் ரேடியோ என்றே சொன்னார்கள். ரேடியோவுக்குப் போயிட்டு வந்தாச்சா, ரேடியோ இன்னும் எத்தனை பாக்கி, இன்னைக்கு ரேடியோ ரிப்பேர். நான்கு நாளில் எர்மினியாவுக்கும் அதே பழகிவிட்டது. விடுதி டெலிபோனில் காஸ்ட்ரோ வானொலியைப் பிடித்து அண்ணனுக்குச் சேதி சொன்னபோது அதே வார்த்தைதான் வாயில் வந்தது: "ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. இன்னும் ஆறு வாரம் தினமும் ரேடியோவுல இருக்கணும். நவம்பர் நடுவுல வருவேன்." எதிர்முனையில் ஒருவர் எழுதிக்கொண்டு, நன்றி என்று வைத்துவிட்டார்.

பிறகு அவள் காத்திருந்தாள்.

காஸ்ட்ரோ வானொலி வால்டிவியா வரை எட்டாது. அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் முதல் இரண்டு வாரம் பகல் பன்னிரண்டரைக்கு விடுதிச் சமையலறை ரேடியோவின் முன்னால் போய் நின்று திருகினாள். இரைச்சல் வந்தது, கால்பந்து வந்தது, யாரோ சோப்பு விற்றார்கள். சமையல்காரி, "அதும் காதைத் திருகித் திருகிக் கழட்டிடாதீங்க தாயி," என்றாள். அதன் பிறகு போகவில்லை. கடிதம் வரும் என்று பார்த்தாள். பெலார்மினோவுக்கு எழுதத் தெரியும், மெதுவாக எழுதுவார். தினமும் மேசை மேல் இருக்கும் கடிதங்களைப் பார்ப்பாள். ஒருநாளும் அவள் பெயர் இல்லை.

நான்காம் வாரம் தோல் சிவந்து எரிந்தது. களைப்பு வந்தது. பாசி மூட்டை தூக்கினால் வரும் களைப்பு தூங்கினால் போகும். இது தூங்கி எழுந்தாலும் கூடவே எழுந்தது. மெஷின் இல்லாத ஞாயிற்றுக்கிழமை ஆற்றங்கரை மீன்சந்தைக்குப் போவாள். அங்கே கடற்சிங்கங்கள் மேலே ஏறி வந்து மீன் குடலுக்காகக் குரைக்கும், ஊர் ஜனம் குடும்பம் குடும்பமாக வந்து அதை வேடிக்கை பார்க்கும். எர்மினியா ஒரு ஓரமாக நின்று ஜனத்தைப் பார்ப்பாள். மழை வந்தால் திரும்பிவிடுவாள். அறையில் இரண்டாவது கட்டில் காலியாகவே இருந்தது. மத்தே டீயைப் போட்டுத் தானே உறிஞ்சுவாள். ஊரில் அதை யாரும் தனியாகக் குடிப்பதில்லை, ஒரே கிண்ணம் கைமாறிக் கைமாறிப் போகவேண்டும். குடித்ததும் பழக்கத்தில் கை தானாக நீளும், வாங்க ஆள் இருக்காது.

நான் தப்புப் பண்ணிவிட்டேனோ என்று தோன்றியது அப்போதுதான். நோயைப் பற்றி இல்லை. அதில் டாக்டரம்மாவை நம்பினாள். முழுசாக எடுத்திருந்தால் செப்டம்பரிலேயே வீட்டுக்குப் போயிருக்கலாம். அண்ணன் "ம்" என்றிருப்பார், எல்லாம் பழையபடி ஆகியிருக்கும். ஒரு மார்பை வைத்துக்கொள்ளப் போய் ஒரே அண்ணனைத் தொலைத்துவிட்டேனோ? மெஷினுக்கடியில் படுத்துக்கொண்டு இதை நினைத்தாள். கண்ணீர் பக்கவாட்டில் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைக்க முடியவில்லை. அசையக்கூடாது.

நவம்பர் நடுவில் முப்பதாவது நாள் முடிந்தது. மெஷின் பார்க்கும் பெண் கட்டிப் பிடித்து விடைகொடுத்தாள். எர்மினியா பஸ்ஸும் கப்பலும் மாறி, மூட்டையோடு லிங்குவே படகில் ஏறியபோது, படகுக்காரன் அவளைப் பார்த்து இரண்டு கையையும் விரித்தான்.

"வாங்க வாங்க, ரேடியோக்காரம்மா! ஆறு வாரம் ரேடியோவுல ஒக்காந்துகிட்டு எங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லத் தோணலியே உங்களுக்கு?"

படகில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எர்மினியாவுக்குச் சுருக்கென்றது. நோயைக் கிண்டல் பண்ணுகிற அளவுக்கு ஊர் ஆகிவிட்டதா? முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டாள். துறையில் ஓர்ஃபெலினா நின்றிருந்தாள். அண்ணன் இல்லை.

ஓர்ஃபெலினா மூட்டையை வாங்கிக்கொண்டே சண்டைக்கு வந்தாள். "என்ன அக்கா நீ! தெனம் பன்னெண்டரைக்கு எல்லாரும் உங்க வீட்ல வந்து ஒக்காந்திருந்தோம். உங்கண்ணன் பேட்டரி பேட்டரியா வாங்கிப் போட்டான். இப்பப் பேசுவா, இப்பப் பேசுவான்னு. ஒரு வார்த்தை பேசலியே நீ!"

"நான் எங்க பேசறது? என்ன சொல்ற?"

"ரேடியோவுலதான்! நீதானே சொல்லி அனுப்பின, ஆறு வாரம் ரேடியோவுல இருக்கணும்னு? கை ஆகாதுல்ல, ஒக்காந்த வேலையாக் குடுத்திருக்காங்க, காஸ்ட்ரோவுல சீட்டு எழுதி வாங்கற வேலைன்னு நாங்க நெனச்சோம்."

எர்மினியா மேட்டுப் பாதையில் நின்றாள். சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. ரேடியோ என்றால் அது ஒரு மெஷின். கதிர். பேசாது. கேட்டுவிட்டு ஓர்ஃபெலினா மூட்டையைக் கீழே போட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து சிரித்தாள். எர்மினியாவும் சிரித்தாள். ஓர்ஃபெலினாவின் சிரிப்பு திடீரென்று நின்றது.

"அப்ப உங்கண்ணன் அனுப்பினது எதுவும் நீ கேக்கலியா?"

"எது?"

"போச்சு," என்றாள் ஓர்ஃபெலினா.

பெலார்மினோ ஒவ்வொரு படகுக்கும் சீட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தார். பதினோரு சீட்டு. 'ரேடியோவில் இருக்கும் எர்மினியா சிகுவாய்க்கு' என்று விலாசம். ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பவள் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு அறிவிப்பாளர் அப்படியே வாசித்திருக்கிறார். தங்கை அங்கேயே உட்கார்ந்து கேட்கிறாள் என்று அண்ணனுக்கு நம்பிக்கை. ஓர்ஃபெலினாவுக்கு எல்லாம் மனப்பாடம். உருளை நட்டாச்சு. உன் சிவப்புக் கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கு. கூரை ஒழுகின இடத்தைச் சரி பண்ணியாச்சு. பாசி விலை ஏறியிருக்கு, அவசரமில்லை, நீ உடம்பைப் பாரு. ஒன்பது குஞ்சு.

"ஏழாவது சீட்டுத்தான் அக்கா பெரிய கலாட்டா. 'அன்னைக்கு அடுப்படியில நான் கேட்ட கேள்வி தப்பு. அது உன்னுது. வச்சுக்க.' அவ்வளவுதான். சுத்துப்பட்டுத் தீவெல்லாம் அது என்ன, அது என்னன்னு மண்டையை ஒடச்சுக்கிச்சு. கடைசியில நிலம்னு முடிவு பண்ணிட்டாங்க. தங்கச்சிக்குப் பங்கு எழுதி வச்ச பெரிய மனுசன்னு மாதா கோவில் சாமியார் கூட உங்கண்ணன் கையைப் புடிச்சுக் குலுக்கினாரு. அவன் மறுத்துப் பேசணுமே? வேற என்னன்னு சொல்லுவான்? முழுங்கிட்டு நின்னான்."

எர்மினியா வீட்டுப் பக்கம் பார்த்தாள். வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் காலிக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அதே பன்னிரண்டரை மணிக்கு, வெட்கத்தை விட்டு, ஊரறிய, அண்ணன் அதைச் சொல்லியிருக்கிறார். அடுப்பு எரிகிற எல்லா வீட்டிலும் அது கேட்டிருக்கிறது. முன்பின் தெரியாத மீன்காரனுக்குக் கேட்டிருக்கிறது. அவள் ஒருத்திக்குத்தான் கேட்கவில்லை.

வீட்டில் பெலார்மினோ அடுப்பில் மில்காவ் சுட்டுக்கொண்டிருந்தார். துருவிய கிழங்கில் பன்றிக் கொழுப்பு வைத்துத் தட்டும் அந்த ரொட்டியை அவர் தானாகச் செய்து அவள் பார்த்ததில்லை. "ம்" என்றார். அவள் உட்கார்ந்தாள். ரேடியோ என்றால் என்ன என்று சொன்னாள். அவர் தட்டிக்கொண்டிருந்த ரொட்டி கையிலேயே நின்றது. முகம் காதுவரை சிவந்தது.

"எதுவும் கேக்கலியா?"

"கேக்கலண்ணே. அங்க எட்டாது."

"ஏழாவதும்?"

"ஓர்ஃபெலினா சொன்னா. நீ உன் வாயால சொல்லு."

கையிலிருந்த ரொட்டியைச் சட்டியில் போட்டார். "சொன்னதையே திருப்பிச் சொல்ல நான் என்ன கிளியா? ஊருக்கே கேட்டுச்சு. உனக்குக் கேக்கலன்னா நான் என்ன பண்றது?" என்று சொல்லிவிட்டு விறகு பிளக்க வெளியே போய்விட்டார்.

எர்மினியா ஒன்பது குஞ்சையும் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். இதுவே போதும், இதற்கு மேல் அந்த மனுஷனிடம் கேட்பது பாவம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் தேறவில்லை. அடுத்தவள் வாயால் கேட்ட மன்னிப்பு அரை வயிற்றுச் சாப்பாடாகத்தான் இருந்தது. சனிக்கிழமை தொட்டியில் உட்கார்ந்து வெந்நீர் ஊற்றிக்கொண்டாள். மை கரைந்து ஊதாவாக ஓடியது. இடது பக்கம் வலது பக்கத்தைவிடக் கொஞ்சம் சின்னது, கொஞ்சம் சிவப்பு, ஒரு வெட்டுத் தழும்பு. அவளுடையதுதான்.

புதன்கிழமை பகல் இரண்டு பேரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து மீன் சூப்புக் குடித்துக்கொண்டிருந்தார்கள். பெலார்மினோ எழுந்து ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தார். வழக்கத்தைவிட அதிகமாகவே கூட்டியிருந்தார். யாரோ யாருக்கோ பன்றி விற்றார்கள். யாருக்கோ பேத்தி பிறந்தாள். பிறகு அறிவிப்பாளர் தொண்டையைச் செருமினார்.

"லிங்குவே தீவில் தன் வீட்டில் இருக்கும் எர்மினியா சிகுவாய்க்கு, அதே வீட்டில் இருக்கும் அவருடைய அண்ணன் பெலார்மினோவிடமிருந்து." ஒரு கணம் நிறுத்தினார், சீட்டைச் சரியாகத்தான் வாசிக்கிறோமா என்று பார்த்திருப்பார். "அன்றைக்கு அடுப்படியில் நான் கேட்ட கேள்வி தப்பு. அது உன்னுடையது. வைத்துக்கொள். கேட்டவர்கள் சொல்லிவிடவும்."

பெலார்மினோ தலை நிமிரவில்லை. சூப்புக் கிண்ணத்தில் எதையோ தேடுகிற மாதிரி கரண்டியால் துழாவிக்கொண்டிருந்தார். அடுத்த சேதி தொடங்கிவிட்டது, யாரோ யாருக்கோ எருது அனுப்புகிறார்கள். எர்மினியா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே," என்றாள். "எர்மினியாவுக்குக் கேட்டுடுச்சாம். உங்கிட்டச் சொல்லிடச் சொன்னா."

"ம்," என்றார் பெலார்மினோ.